பீரோவில் இருந்த எங்கள் கல்யாணம்

என் கணவர் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர். எண்ணூர் முதல் ராயபுரம் வரை எத்தனையோ வீட்டுக் கல்யாணங்கள் திருவொற்றியூரில் இருக்கும் எங்கள் வீட்டு முன்னறை வழியாகத்தான் போயிருக்கின்றன. யார் வீட்டில் மாப்பிள்ளையின் மாமா முறுக்கிக்கொண்டு போனார், யார் வீட்டில் பந்தி நடுவில் ரசம் தீர்ந்தது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். டீ கொண்டுபோய் வைக்கிற சாக்கில் எட்டிப் பார்க்கிற எனக்கும் தெரியும். ஊரார் கல்யாணம் அத்தனையும் பார்த்த நான் பார்க்காத ஒரே கல்யாண வீடியோ என்னுடையது.

நேரில் இருந்தவள்தானே என்று கேட்கலாம். இருந்தேன். என் அப்பா காசிமேட்டில் லாஞ்ச் ஓட்டியவர். எங்கள் சனத்தில் பெரும்பாலும் மீன்பிடித் தடைக்காலத்தில்தான் கல்யாணம் வைப்பார்கள். படகுகள் கரையில் நிற்கும், ஆண்பிள்ளைகளும் கரையில் இருப்பார்கள். ஆகையால் கொளுத்துகிற சித்திரையில் பட்டுப்புடவை, கழுத்து நிறைய மாலை, முகத்துக்கு நேரே ஹோமப் புகை. தலையை நிமிர்த்தினால் பெரியவர்கள் அதட்டுவார்கள். என் கல்யாணத்தில் நான் தெளிவாகப் பார்த்தது என் கால் கட்டைவிரலை மட்டும்தான்.

மாப்பிள்ளையே கேமராவைப் பிடிக்க முடியாதல்லவா? முடிந்திருந்தால் பிடித்திருப்பார். அதனால் ராயபுரத்தில் இருக்கும் அவருடைய தோஸ்து ஒருவர் படம் எடுத்தார். எடுத்ததை எல்லாம் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் போட்டு அடுத்த வாரமே கொண்டுவந்து கொடுத்துவிட்டார். இனி எடிட் செய்ய வேண்டியதுதான் பாக்கி. "நம்மளுத அவசரப்பட்டு பண்ணக் கூடாதுமே, சோக்கா பண்ணணும்" என்றார் என் கணவர். புதுப்பெண் அல்லவா, நானும் பூரித்துப் போனேன்.

எடிட்டிங் என்றால் என்ன என்று அப்போதுதான் நான் பார்க்க ஆரம்பித்தேன். அவர் செய்கிற முதல் வேலை சத்தத்தை நிறுத்துவது. மண்டபத்து இரைச்சல் யாருக்கு வேண்டும் என்பார். ஒரு தட்டு தட்டினால் நாதஸ்வரக்காரர் முதல் பந்தி பரிமாறுகிறவர் வரை அத்தனை பேரும் ஊமை. பிறகு மேலே பாட்டு ஏறும், ரோஜாப்பூ கொட்டும், பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரு இதயத்துக்குள் போய் மாட்டிக்கொள்வார்கள். எனக்கும் அப்படி ஒரு இதயம் வேண்டும் என்று ஆசைப்பட்டேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

என் கணவருக்கு டோல்கேட் டீக்கடையில் ஒரு பட்டப்பெயர் உண்டு: மொத ஆளு. சந்தையில் எது புதிதாக வந்தாலும் இவர்தான் முதலில் வாங்குவார். தெருவிலேயே முதல் டச் போன் இவருடையது. கண்ணாடி மாட்டிப் பார்க்கிற டி.வி. ஒன்று வந்ததே, அதுவும் எங்கள் வீட்டில்தான் முதலில் இறங்கியது. அதில் பார்க்கிற மாதிரி படம் எதுவும் கிடைக்கவில்லை. கண்ணாடிகளை மட்டும் என் மகள் மாட்டிக்கொண்டு ரொம்ப நாள் டீச்சர் விளையாட்டு விளையாடினாள்.

ஆனால் எஸ்.எஸ்.டி. என்கிற புது மாதிரி டிஸ்க்கை வாங்கியதற்கு ஒரு நியாயமான காரணம் இருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டை ஒட்டிய ரோட்டில் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். ஒவ்வொன்றும் கிளம்பும்போது எங்கள் வீட்டுப் பாத்திரங்கள் பேசிக்கொள்ளும். அலமாரியில் டம்ளர் நகர்ந்துகொண்டே போய் விளிம்பில் நிற்கும். எங்களுக்குப் பழகிவிட்டது, ஹார்ட் டிஸ்க்குக்குப் பழகவில்லை. அதற்குள்ளே தட்டு சுற்றுமாம். சுற்றும்போது அதிரக் கூடாதாம். இவர் அதற்கு முதலில் தெர்மாகோல் வைத்தார், அப்புறம் என் பழைய புடவையை மடித்து வைத்தார், கடைசியில் மகளின் குட்டித் தலையணை போனது. லாரி கிளம்புகிற சத்தம் கேட்டால் சோற்றில் இருக்கிற கையோடு ஓடிப்போய் கம்ப்யூட்டரைப் பிடித்துக்கொள்வார்.

அத்தனையும் செய்தும், ஒருநாள் ஒரு ரிசப்ஷனை அந்த டிஸ்க் விழுங்கிவிட்டது. மணலியில் இருந்த அந்தப் பெண் வீட்டாரிடம் இவர் போய் நின்ற நிலையை நான் இங்கே விவரிக்க விரும்பவில்லை. திரும்பி வந்ததும், தட்டே சுற்றாத ஒரு டிஸ்க் புதிதாக வந்திருக்கிறது, லாரி இல்லை, ரயிலே மேலே ஏறினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது என்றார். முதலில் நம் கல்யாணத்தை அதில் ஏற்றிப் பத்திரப்படுத்தி, அதிலேயே எடிட்டும் செய்து, கல்யாண நாளுக்குப் போட்டுக் காட்டுகிறேன் என்றார். வாஷிங் மெஷினுக்கென்று நான் கட்டிவந்த சீட்டை அந்த மாதம்தான் எடுத்திருந்தோம். கல்யாண வீடியோ என்று சொன்னால் நான் மறுக்க மாட்டேன் என்பது அவருக்குத் தெரியும்.

நல்ல நேரம் பார்த்து கம்ப்யூட்டர் சாமான் விற்கிற ரிச்சி ஸ்ட்ரீட் போய் வாங்கி வந்தார். எங்கள் சரகத்தில் அதுதான் முதல். அதைப் பார்க்க என் அப்பா காசிமேட்டிலிருந்து வந்திருந்தார். கையில் வாங்கி, மீன் எடை பார்க்கிற மாதிரி இரண்டு தரம் தூக்கிப் போட்டுப் பிடித்தார். என் கணவருக்கு உயிர் போய் வந்தது.

"இதுக்குள்ள இன்னா சுத்துது மாப்ள?" என்றார் அப்பா.

"எதுவும் சுத்தாது மாமா. அதான் இதுல விசேசமே."

"சுத்தாததுக்கா இம்மாந் துட்டு?"

அப்பாவுக்குத் தாழ்ந்த குரல் என்று ஒன்று கிடையாது. இன்ஜின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய மனுஷர். அந்தக் கேள்வி எதிர்வீடு வரை கேட்டது. மறுநாள் டோல்கேட் டீக்கடைக்கும் போய்ச் சேர்ந்தது.

அப்பா கேட்டதில் தப்பில்லை. கொடுத்த விலைக்கு அது ரொம்பச் சின்னது. உருவத்திலும் சின்னது, கொள்ளளவிலும் சின்னது. எங்கள் கல்யாணத்தை ஏற்றினார். மகளின் மொட்டை, காதுகுத்துகூட அதில் கொள்ளவில்லை. ஏற்றி முடித்ததும் பழைய ஹார்ட் டிஸ்க்கை வேறு வேலைக்குத் துடைத்து எடுத்துக்கொண்டார். அதுவும் சில மாதத்தில் லாரிக்குப் பலியானது. பார்த்தியா, நம்மது தப்பித்தது என்று மார்தட்டினார்.

அடுத்து எடிட் செய்யலாம் என்று உட்கார்ந்தவரிடம் யாரோ ஒரு கடைக்காரர் ஒரு சேதியைச் சொல்லிவிட்டார். இந்த டிஸ்க்கில் எழுத எழுதத்தான் அதன் ஆயுசு குறையும் என்று. படிப்பதால் ஒன்றுமில்லை, எழுதுவதுதான் தேய்மானம். எடிட் செய்வதென்றால் எழுதி, அழித்து, மறுபடி எழுதுவதுதானே? அவ்வளவு விலை கொடுத்து வாங்கியதை அவ்வளவு சீக்கிரம் தேய்க்க மனசு வரவில்லை. லாரி அதிர்வுக்குப் பயந்து வாங்கிய சாமானைக் கழற்றி, ஒரு மஞ்சள் துணியில் சுற்றி, பீரோவில் என் பட்டுப்புடவைகளுக்கு நடுவில் வைத்துவிட்டு, பழையபடி சுற்றுகிற டிஸ்க்கிலேயே கல்யாணங்களை ஓட்டினார். இன்னும் கொஞ்சம் விலை இறங்கட்டும், எடிட்டுக்கென்று பெரிசாக இன்னொன்று வாங்கி ஜோராகச் செய்துவிடலாம் என்றார்.

விலை இறங்க ஆரம்பித்தது. அது இறங்கிய அழகைச் சொல்லி முடியாது. நான் துறைமுகத்துக்கு எதிரே ஒரு கிளியரிங் ஏஜெண்ட் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். வெளிநாட்டிலிருந்து வருகிற சரக்கின் இன்வாய்ஸைப் பார்த்து கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. எந்தப் பொருள் என்ன விலைக்கு வந்து இறங்குகிறது என்பது கடைக்காரருக்கு முன்னால் எனக்குத் தெரியும். கப்பல் அந்த ஊரில் கிளம்பும்போது ஒரு விலை, இங்கே கன்டெய்னரைத் திறக்கும்போது வேறு விலை என்று சில சரக்கு உண்டு. எஸ்.எஸ்.டி. அந்த ஜாதி. சாயந்திரம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுகிறபோதே, "யோவ், உன் பீரோக்காரன் இன்னிக்கும் எறங்கிட்டான்" என்பேன். கேட்காத மாதிரி மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருப்பார். காது மட்டும் சிவந்திருக்கும்.

கொஞ்ச காலத்தில் அவர் கொடுத்த விலைக்கு அதைவிடப் பல மடங்கு பெரியது கிடைத்தது. பிறகு பாதி விலைக்கு. பிறகு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுக்கிற நிலைமைக்கு வந்தது. ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனால் விலைப் போர்டைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு நடப்பேன் என்று அவரே ஒருநாள் சொன்னார். வாங்கிய சாமான் பழசாவது சகஜம். ஆனால் அதை உபயோகிக்காமலே பழசாக்கியவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான்.

ராயபுரத்து தோஸ்து இதற்கு நேர் எதிர். டீக்கடையில் அவர் பெயர் கடைசி ஆளு. உலகமே வாங்கி, சலித்து, விலை தரையைத் தொட்ட பிறகுதான் கையை நீட்டுவார். அவரிடம் கேமரா வாடகைக்குக் கிடைக்கும். அதில் பாதி என் கணவர் ஆசையாக வாங்கி, சலித்து, அவருக்கே விற்றது. "மாமு, நீ வாங்கிக்கினே இரு, நான் வந்துகினே இருக்கேன்" என்பார். என் கணவர் அவரைக் கஞ்சன் என்பார். இரண்டு பேரும் ஒருவர் இல்லாமல் ஒருவர் டீ குடிக்க மாட்டார்கள்.

விலை இறங்கிய பிறகு என் கணவரும் வேலைக்கென்று வேறு டிஸ்க்குகள் வாங்கத்தான் செய்தார், அவையெல்லாம் நாள் முழுக்க உழைத்தன. பீரோவில் இருந்தது மட்டும் வீட்டு மூத்த பிள்ளை மாதிரி மரியாதையோடு இருந்தது. வருஷா வருஷம் ஆயுதபூஜைக்கு வெளியே வரும். கேமரா, டிரைபாட், கத்தரிக்கோல் எல்லாவற்றோடும் அதற்கும் சந்தனம், குங்குமம். பூஜை முடிந்ததும் துடைத்து மறுபடி மஞ்சள் துணியில் சுற்றி உள்ளே போகும். கற்பூரம் காட்டினாரே தவிர ஒரு வருஷமும் அதற்குக் கரண்ட் காட்டவில்லை.

இடையில் என் அப்பா போய்விட்டார். உடம்புக்கு முடியாமல் கிடந்து, கடைசியில் அந்தப் பெரிய குரலும் கம்மிப்போய், போய்விட்டார். அதைப்பற்றி இதில் அதிகம் எழுத என்னால் முடியாது. வீட்டில் மாலை போட்டு மாட்டியிருக்கிற போட்டோவில் அப்பா வாயை இறுக்க மூடிக்கொண்டு நிற்கிறார். அவரைத் தெரிந்தவர் யாரும் அது அவர்தான் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அவர் பேசுவது எங்காவது பதிவாகியிருக்கிறதா என்று தேடினோம். அவர் வைத்திருந்தது பட்டன் போன். போனில் அவர் போட்ட கூச்சல் எல்லாம் காற்றோடு போய்விட்டது. மிச்சம் இருந்தது என் கல்யாணம் மட்டும்தான். அதில் அப்பா இருப்பார், பேசியிருப்பார், பேசாமல் அவரால் இருக்க முடியாது.

அதற்குப் பிறகு இதயமும் ரோஜாப்பூவும் எனக்கு மறந்துபோயின. அந்த வீடியோவைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். வருஷா வருஷம் கல்யாண நாளுக்குக் கேட்பேன். அவரும் இந்த வருஷம் கட்டாயம் என்பார். ஒன்று, முகூர்த்த சீசனாக இருக்கும். இல்லை, அடுத்த மாதம் இன்னும் விலை இறங்கப் போகிறது, நமக்கென்று ஒன்று தனியாக வாங்கி அதில் செய்கிறேன் என்பார். முதல் தடவை அவசரப்பட்டுச் சூடு பட்டவர், இந்தத் தடவை அடிமட்ட விலை வரும் வரை அசைவதில்லை என்று உட்கார்ந்துவிட்டார். எடிட் பண்ணாவிட்டால் போகிறது, அப்படியே போட்டுக் காட்டு என்றால் முகம் சுண்டிப்போகும். அரையும் குறையுமாக நம்முடையதைக் காட்ட மாட்டேன் என்பார். தொழில் கர்வம். எனக்கு எரிச்சலாக இருக்கும். ஆனாலும் பீரோவில் இருக்கிறது, எங்கே போய்விடும் என்று விட்டுவிடுவேன்.

இந்த வருஷம்தான் அந்த அதிசயம் நடந்தது. விலை ஏற ஆரம்பித்தது. எங்கேயோ பெரிய பெரிய கம்ப்யூட்டர்களுக்கு எல்லா டிஸ்க்கையும் வாரிக்கொண்டு போகிறார்களாம், சில்லறைக் கடைக்குச் சரக்கு வருவதே கஷ்டமாம். என் ஆபீஸ் இன்வாய்ஸிலும் பார்த்தேன், உண்மைதான். அதைச் சொன்னபோது என் கணவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் அவர் தாலி கட்டியபோதுகூட... அதை எப்படிச் சொல்வேன், நான்தான் குனிந்திருந்தேனே. டீக்கடையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனார். "பாத்தியாடா, எங்கிட்ட அப்பவே கீது" என்று கடைசி ஆளிடம் சொல்லிவிட்டு வந்தார். பழைய நகையை எடுத்து இன்றைய ரேட்டுக்கு மதிப்புப் பார்க்கிற மாதிரி பீரோவைத் திறந்தார்.

மஞ்சள் துணியைப் பிரித்தார். போன வருஷத்துக் குங்குமம் ஓரத்தில் ஒட்டியிருந்தது. கம்ப்யூட்டரில் செருகினார். ஒன்றும் வரவில்லை. கழற்றி, துடைத்து, வேறு ஒயரில் செருகினார். டிஸ்க் இருக்கிறது என்று காட்டியது, உள்ளே எதையும் காட்டவில்லை. திறக்கச் சொன்னால் திரையில் ஒரு வட்டம் சுற்றிச் சுற்றி வந்து, படிக்க முடியவில்லை என்றது. நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

மறுநாள் ரிச்சி ஸ்ட்ரீட்டில் அழிந்ததை மீட்கிற கடை ஒன்றுக்குக் கொண்டுபோனோம். நானும் லீவு போட்டுவிட்டுக் கூடவே போனேன். அந்தக் கடைக்காரர் நல்ல மனுஷர். ரொம்ப நேரம் பார்த்தார். கடைசியில், எத்தனை நாளாகக் கரண்ட் கொடுக்காமல் வைத்திருந்தீர்கள் என்று கேட்டார். நான்தான் சொன்னேன். இந்த மாதிரி டிஸ்க் சிலது கரண்டே பார்க்காமல் வருஷக்கணக்கில் கிடந்தால், அதுவும் வெக்கையில் கிடந்தால், எழுதியதை மறந்துவிடும் என்றார். அவ்வப்போது செருகிப் பார்த்திருந்தாலே போதும் என்றார். எழுதினால் தேயும் என்று பயந்து வைத்தது, செருகாமல் விட்டதால் போயிருக்கிறது.

எனக்கு என் பட்டுப்புடவைகள்தான் ஞாபகம் வந்தன. பட்டைக் கட்டாமல் அப்படியே வைத்தால் மடிப்பிலேயே இற்றுப்போகும். அதனால் அவ்வப்போது பிரித்து, காற்றாட விட்டு, மடிப்பு மாற்றி மடித்து வைப்போம். ஒவ்வொரு தடவையும் நான் புடவைகளை எடுக்கும்போது இந்த மஞ்சள் பொட்டலத்தை ஓரமாக நகர்த்திவிட்டு, புடவையை மட்டும் பிரித்து மடித்துவிட்டு, பொட்டலத்தை அதே இடத்தில் வைத்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்தோம். மாடியில் காயப்போட்ட துணியை எடுக்கப் போனேன். எங்கள் பக்கத்தில் வெள்ளைத் துணி வெள்ளையாகக் காயாது, கரி வந்து படிந்திருக்கும். அதை உதறிக்கொண்டே அழுதேன். அப்பா போனபோதுகூட இப்படி அழவில்லை. அப்போது சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள், வேலை இருந்தது. இப்போது அவர் இரண்டாவது தடவையாகப் போன மாதிரி இருந்தது, அதுவும் என் பீரோவிலிருந்து.

என் கணவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நானும் சாப்பிடச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, வண்டியில் உட்கார், ராயபுரம் போகலாம் என்றார். அவன் எடுத்த படம், ஒருவேளை அவனிடம் ஏதாவது இருக்கலாம் என்றார். கஞ்சன், கடைசி ஆளு என்று வாய் ஓயாமல் சொன்னவர், அதுவும் விலை ஏறிவிட்டது என்று போன வாரம்தான் அவரிடம் மார்தட்டிவிட்டு வந்தவர், அந்த வாசலில் போய் நிற்பது லேசான காரியமில்லை.

தோஸ்து விஷயத்தைக் கேட்டதும் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு, "கீதான்னு தெர்ல தங்கச்சி, தேடிப் பாக்கலாம்" என்றார். விலை அடிமட்டத்துக்கு வந்தபோது ஒரு பெரிய டிஸ்க் வாங்கினாராம். மலிவாகக் கிடைத்ததே என்று, வீட்டில் கிடந்த பழைய டிஸ்க், கார்டு எல்லாவற்றையும் எது என்ன என்று பார்க்காமல் அதில் கொட்டிவிட்டாராம். பழைய டிஸ்க்கை எல்லாம் எடைக்குப் போட்டுவிட்டார். இந்தப் பெரியது அன்றிலிருந்து கம்ப்யூட்டரிலேயே கிடக்கிறது. தினமும் அதன் தலையில்தான் வேலை.

திறந்து காட்டினார். அதைப் போல ஒரு குப்பையை நான் பார்த்ததில்லை. நியூ ஃபோல்டர், அதற்குள் இன்னொரு நியூ ஃபோல்டர், அதற்குள் பெயரே இல்லாமல் எண்ணாக எண்ணாகப் படங்கள். என் கணவருக்கு அந்த நிலையிலும் தாங்கவில்லை, இப்படியா கலீஜாக வைப்பாய் என்று முணுமுணுத்தார். நான் முறைத்ததும் அடங்கினார். ஒவ்வொன்றாகத் திறந்தோம். யார் யாரோ சிரித்தார்கள், யார் யாருக்கோ காது குத்தினார்கள், ஒரு கிழவர் ஐஸ்கிரீமை வேஷ்டியில் சிந்திக்கொண்டார். டிஸ்க் விழுங்கிய அந்த மணலி ரிசப்ஷனுக்கு முந்தின நாள் நலுங்குகூட அதில் கிடந்தது. அதைப் பார்த்து என் கணவருக்கு முகம் மாறியது. தோஸ்து வீட்டு அண்ணி வஞ்சிரம் வறுத்து வந்து வைத்தார், யாரும் தொடவில்லை.

ஏதோ ஒரு நியூ ஃபோல்டரைத் திறந்ததும் என் கால் கட்டைவிரல் தெரிந்தது.

சத்தியமாகச் சொல்கிறேன், முகத்துக்கு முன்னால் அதைத்தான் அடையாளம் கண்டேன். மருதாணி வைத்த கட்டைவிரல். கேமரா மெல்ல மேலே ஏறியது. மாலை, புகை, குனிந்த தலையோடு ஒரு சின்னப் பெண். சத்தம் என்றால் அப்படி ஒரு சத்தம். மேளம், குழந்தை அழுகை, யாரோ சாவியைத் தேடுகிறார்கள், யாரோ இலை போட்டாச்சா என்கிறார்கள். என் கணவரின் கை தன் பழக்கத்தில் சத்தத்தை நிறுத்த மவுஸுக்குப் போனது. "கைய வெச்சேன்னா பாரு" என்றேன். கையை எடுத்துவிட்டார்.

மாப்பிள்ளை என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஆனால் அவர் கண் என் மேல் இல்லை, ஐயர் மேல் இல்லை. கேமராவைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறார், புருவத்தைத் தூக்குகிறார், மாலைக்கு அடியில் விரலை நீட்டி லைட்டை இந்தப் பக்கம் திருப்பு என்று சைகை காட்டுகிறார். தட்டில் தாலி வந்துவிட்டது. கையில் தாலியை வாங்கிக்கொண்டும் லைட்டைத்தான் பார்க்கிறார். "அன்னிக்கு இவன் என்னை அந்தப் பாடு படுத்தினாம்மா" என்றார் தோஸ்து.

அப்போது மேளத்துக்கு மேலே, எங்கிருந்தோ, படத்துக்கு வெளியிலிருந்து அந்தக் குரல் வந்தது. கம்மாத குரல், இன்ஜினுக்கு மேலே பேசுகிற குரல்.

"மாப்ள, லைட்ட அவன் பாத்துக்குவான். நீ பொண்ணப் பாரு."

மண்டபமே சிரித்தது. மாப்பிள்ளை வெட்கப்பட்டுத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் குனிந்தபடியே இருந்தேன். ஆனால் தோள் குலுங்குகிறது, நானும் சிரித்திருக்கிறேன். அப்பா படத்தில் தெரியவே இல்லை. வேஷ்டி ஓரம்கூட இல்லை. குரல் மட்டும்தான்.

இவர் மட்டும் அப்போதே வாக்குத் தவறாமல் எடிட் செய்திருந்தால், முதல் தட்டிலேயே அந்தக் குரலை நிறுத்தியிருப்பார். மேலே ஒரு பாட்டு ஓடியிருக்கும், நானும் இதயத்துக்குள் உட்கார்ந்திருக்கும் என்னைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருப்பேன். ராயபுரத்தில் இன்னொரு பிரதி கிடக்கிறதா என்று தேட யாருக்கும் தோன்றியிருக்காது. இதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் டோல்கேட் வரைக்கும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போவார்.

தோஸ்து எழுந்து உள்ளே போய்விட்டார். என் கணவர் திரையைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணெல்லாம் தண்ணீர்.

"இன்னொரு தபா போடுய்யா" என்றேன்.

போட்டார். சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டி வைத்தார்.